வடிகான் வேந்தனுக்குச் சங்கிலிச் சக்கரம்

அந்த ரோபோவுக்குப் பெயர் வைப்பதற்கே மூன்று கூட்டம் நடந்தது. நகர வடிகான் அதிகார சபையின் பணிப்பாளர் கலாநிதி அழகமுத்து தாமே தலைமை தாங்கி, தாமே முன்மொழிந்து, மற்றவர்கள் தேநீருக்குக் கை நீட்டிய நேரம் பார்த்து ஏகமனதாக நிறைவேற்றிய பெயர் ‘வடிகான் வேந்தன்’. அதன் சக்கரம் சேற்றில் உருளுமா என்று யோசிக்க ஒரு கூட்டமும் நடக்கவில்லை. ஆகவே வேந்தன் முதன்முதலாகச் சாக்கடைக் கானுக்குள் இறங்கிய அன்றே, பின்சக்கரம் இரண்டும் நின்ற இடத்தில் சுழன்று பள்ளம் தோண்ட, முன்சக்கரம் இரண்டும் வேடிக்கை பார்க்க, வயிறு தட்டி உட்கார்ந்துவிட்டான். வேலைத்தலத்தில் அன்றைக்கே அதற்கு ஆமை என்று பெயர் மாறியது.

“ஆமைன்னா நகருமே” என்றான் கறுப்பையா. எல்லோரும் சிரித்தார்கள். அவன் சிரிக்கத் தொடங்கி இருமலில் முடித்தான்.

கண்டி நகரத்தின் தெருக்களுக்கு அடியில் வெள்ளைக்காரன் செங்கல்லால் கட்டிவிட்டுப் போன மதகுகளுக்குள்ளே பதினாறு வருடமாகத் தவழ்கிறவன் கறுப்பையா. மேலே பேருந்து ஓடும், பெரஹரா ஊர்வலம் போகும், கீழே இவன் முழங்காலால் நடப்பான். போன மாரியில் உள்ளேயே மயங்கி விழுந்து, இடுப்புக் கயிற்றைப் பிடித்து இழுத்தெடுத்தார்கள். அன்றிலிருந்து அந்த இருமல். இன்னொரு மாரிக்கு இறங்கினால் திரும்பி வர மாட்டான் என்று வைத்தியர் சொன்னார். அவனுடைய அக்கா புஷ்பத்துக்கு வைத்தியர் சொல்லித்தான் தெரியவேண்டும் என்றில்லை.

புஷ்பத்தின் புருஷன் தனபாலன் அதே சபையின் வேலைத்தலத்தில் ஃபிட்டர். மனைவி இரண்டு மாதமாக இரவு பகல் பாராமல் ஒரே கேள்வியைக் கேட்டதில் மெலிந்துபோனவன். “அவன எப்ப மேல எடுக்கப் போறீங்க?”

அதற்குத்தான் பணிப்பாளரிடம் போனான். அழகமுத்து தெல்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்ட லயத்தில் பிறந்தவர். அதை யாரும் மறந்துவிடக்கூடாது என்பதற்காக ஒவ்வொரு மேடையிலும் சொல்வார். யாராவது லயத்திலிருந்து நேரே வந்து கதவைத் தட்டினால் மட்டும் கூட்டத்தில் இருப்பார். தனபாலனுக்கு ஐந்து நிமிடம் கிடைத்தது.

“தனபாலு, நானும் கொழுந்து எடுத்த கை பெத்த பிள்ளைதான். எனக்குத் தெரியாதா? வேந்தன் ஓடட்டும். திறப்பு விழா அன்னைக்கே உன் மச்சானுக்குக் களஞ்சியத்தில காவலுக்கு வொட்ச்சர் வேலை. கடிதம் ரெடி.” சட்டைப் பையைத் தட்டிக் காட்டினார். உள்ளே காகிதம் சரசரத்தது. “ஆனா வேந்தன் ஓடணும்.”

ஆக, ஆமை ஓடினால் கறுப்பையா மேலே வருவான். கணக்கு அவ்வளவு லேசாக இருந்தது.

ஆமையைச் செய்தவன் பஹ்மி, சபையின் பொறியியலாளர். மூளைக்காரன், மரியாதை தெரிந்தவன். சேற்றை மட்டும் படத்தில் பார்த்தவன்.

“நாலு சக்கரத்துக்கும் நாலு மோட்டர் போட்டிருக்கணும் அண்ணே. இப்ப திரும்ப டெண்டர் கேக்கணும்.”

“டெண்டர் வாறதுக்குள்ள எங்காளு போய்ச் சேர்ந்துருவான் தம்பி” என்றான் தனபாலன். ஆமையை மல்லாக்கத் திருப்பிப் போட்டான். “பக்கத்துக்கு ஒரு மோட்டர் இருக்கில்ல, அது போதும். பின்சக்கரத்துல இருந்து முன்சக்கரத்துக்குச் செயின் போடுவோம். ஒண்ணு சுத்துனா மத்ததும் சுத்தியே ஆகணும். வலது ரெண்டும் ஒரு சோடி, இடது ரெண்டும் ஒரு சோடி.”

அக்குறணையில் பாரூக் நானாவின் மோட்டார் உதிரிப்பாகக் கடைக்குப் போனான்.

“என்ன வண்டிக்கு?” என்றார் நானா, கண்ணாடியை மூக்கு நுனிக்குத் தள்ளி.

“ரோபோவுக்கு.”

“எந்த வருஷ மொடல்?”

“நம்ம அழகமுத்து சேர் மொடல்.”

“அப்ப ரிவர்ஸ் கியர் இரிக்காது” என்றார் நானா. சிறுபிள்ளைகள் ஓட்டும் குட்டி மோட்டார் சைக்கிளின் செயின் இரண்டும், விரல் நீளப் பல்சக்கரம் நாலும் எடுத்துக் கொடுத்தார். “இணைப்புக் கிளிப்ட வாய் ஓடுற பக்கம் பாக்கப் படாது, பின்னுக்குப் பாக்கணும். இல்லாட்டி கல்லுல தட்டிக் கழண்டுடும். செயினுக்கு மண் ஆகாது, குப்பை ஆகாது. மூடி போடு, மறந்துடாத.”

தனபாலன் மறக்கவில்லை. பல்சக்கரத்தின் துளையை அச்சுக்கு ஏற்றபடி குடைந்து பெரிதாக்கினான். அச்சில் அது வழுக்காமலிருக்க ஆணி இறுக்கினான். முன்னும் பின்னும் ஒரே நேரில் நிற்கிறதா என்று நூல் பிடித்துப் பார்த்தான். ஒரு மயிரிழை விலகியிருந்தது, கழற்றி வாஷர் வைத்து மறுபடி பூட்டினான். அச்சு நிற்கும் துளைகளை நீளவாக்கில் அரத்தால் ராவி, செயின் தொய்ந்தால் இழுத்து முறுக்க இடம் விட்டான். விரலால் அழுத்தினால் அரை விரற்கடை இறங்கவேண்டும்; அதற்கு மேலும் கூடாது, கீழும் கூடாது. ஆமைக்குப் போட்டிருந்த கைவண்டிச் சக்கரத்தின் ரப்பரில் கத்தியால் வரி கீறினான். கடைசியாகப் பிஸ்கட் தகரத்தை வெட்டி இரண்டு பக்கச் செயினுக்கும் மூடி அடித்தான்.

ஆமை ஓடியது. தொண்ணூறு மீற்றர் மதகு. மேல்வாய் ஹந்தானை மலை அடிவாரத்தில், கீழ்வாய் நகரத்துக் கால்வாய்க் கரையில், நடுவே ஒரு வளைவு. ஒத்திகையில் பதினொரு தடவை ஒரு தடங்கலும் இல்லாமல் போய் வந்தது. கறுப்பையா மேல்வாயில் குந்தியிருந்து, திரையைப் பார்க்காமலே, “இப்ப படி வரும், மெதுவா விடுங்க... இப்ப வளைவு, இடப்பக்கம் ஒடிங்க” என்பான். திரையில் படி வரும், வளைவு வரும்.

“நீங்களே ஒரு கெமராதான்” என்றான் பஹ்மி.

“என்னைய வித்துராதீங்க சேர்” என்றான் கறுப்பையா.

திறப்பு விழா வந்தது. கீழ்வாயில் பந்தல், சிவப்புக் கம்பளம், வெள்ளைத் துணி விரித்த மேசை, குத்துவிளக்கு, ஆடையணிந்த நாற்காலிகள். சுபவேளை தொடங்குவது பத்து நாற்பத்திரண்டுக்கு. அந்த நிமிடத்தில் மேல்வாயில் புகும் வேந்தன், கீழ்வாய் வழியாக அமைச்சரின் முன்னால் உதயமாகவேண்டும். ‘உதயம்’ என்பது பணிப்பாளரின் சொல். சாக்கடையிலிருந்து எது வெளியே வந்தாலும் அதற்கு அந்தச் சொல் பொருந்தும் என்று அவர் எண்ணியிருக்கவேண்டும்.

காலையில் மேல்வாய்க்கு வந்து ஒரு சுற்றுப் பார்த்தார்.

“இதென்ன தகரம்?”

“செயின் மூடி சேர்.”

“பிஸ்கட் படம் தெரியுது தனபாலு! டீவிக்காரன் வாறான். சங்கிலிச் சக்கரம்னு அழைப்பிதழ்ல போட்டிருக்கோம், சங்கிலி தெரிய வேணாமா? கழட்டு.”

“குப்பை மாட்டிக்கும் சேர்.”

“தொண்ணூறு மீற்றர்ல என்னய்யா மாட்டப் போவுது? கழட்டு.”

கழற்றினான். பணிப்பாளரின் சட்டைப் பையில் அந்தக் கடிதம் இருந்தது. அதற்கு எதிரே நின்று தகரத்துக்காக வாதாட அவனுக்கு வாய் வரவில்லை.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் புஷ்பம் விடியற்காலையிலேயே மாரியம்மன் கோயில் பூசாரியிடம் நாலு எலுமிச்சம்பழம் வாங்கி, குங்குமம் தடவி, ஒரு பொட்டலமாக அவன் கையில் திணித்திருந்தாள். “நாலு சக்கரத்துக்கும் வையுங்க. மறந்துராதீங்க. நம்ம தம்பிக்காக.” புதுச் சைக்கிளானாலும் லொறியானாலும் பழம் நசுக்காமல் நகர்த்துகிற வழக்கம் அவர்களுக்கு இல்லை. செயினில் மணல் பட்டாலே துடைத்துக்கொண்டிருக்கிற தனபாலனும் அதை வழக்கமாகத்தான் நினைத்தான், பழமாக நினைக்கவில்லை. சக்கரத்துக்கு ஒன்றாக வைத்தான். லொறிச் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் ஒரு பொருட்டில்லை. ஆமையின் சக்கரமோ பழத்தைவிட நாலு மடங்குதான் பெரிது. பஹ்மி முன்னே நகர்த்தினான். மூன்று பழம் நசுங்கின. நாலாவது பாதி பிதுங்கி உள்பக்கமாக வழுக்கிப் போனதைத் தனபாலன் பார்த்தான். குனிந்து தேடுவதற்குள் கீழேயிருந்து தொலைபேசி வந்தது: நேரமாகிவிட்டது, விடு. விட்டார்கள்.

அறுபதாவது மீற்றரில், வளைவைத் தாண்டி, ஆமை நின்றது.

பஹ்மியின் திரை முழுக்கச் செங்கல் சுவர். “இடது பக்கம் சுத்துதே இல்ல அண்ணே. வலது மட்டும் சுத்திச் சுவத்துல முட்டுது.”

தனபாலன் பணிப்பாளரை அழைத்தான். “சேர், வால்ல கயிறு கட்டியிருக்கு. பின்னால இழுத்து எடுத்துருவோம். அஞ்சு நிமிஷத்துல சரி பண்ணி விட்டுர்றேன்.”

“பின்னாலயா?” குரலைத் தாழ்த்தினாலும் கோபம் தாழவில்லை. “அமைச்சர் இங்க என் பக்கத்துல உக்காந்து ஓட்டையப் பாத்துக்கிட்டிருக்காரு. சுபவேளை முடிய எட்டு நிமிஷம். பின்னால இழுக்கிறானாம்! கறுப்பையாவ விடு. தள்ளிக்கிட்டு வரட்டும்.”

“ஹந்தானை கறுத்துக் கெடக்கு சேர்.”

“இங்க வெயில் அடிக்குதே!”

அடித்தது. நகரத்துக்கு மேலே நல்ல வெயில். மலை மட்டும் அடுப்படிச் சுவர் மாதிரி இருந்தது. மலை கறுத்தால் மதகில் இறங்காதே என்பது கான் தொழிலாளிகளின் முதல் பாடம். கறுப்பையா அதைப் பார்த்துவிட்டுத்தான் தன் புதுச் சட்டையின் பொத்தான்களைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

“வேணாண்டா” என்றான் தனபாலன்.

“கடுதாசி அவரு பையில இருக்கு மச்சான். இன்னைக்கு இது ஓடலேன்னா நாளைலருந்து தெனமும் நான்தான் எறங்கணும். ஒரு தடவைதான? சட்டையப் பிடிங்க, கசங்கிரும்.”

“கயிறு கட்டிக்க.”

“கயிறு ஆமை வால்ல இருக்கே. வேற கயிறு வேலைத்தலத்துல.” தலை உள்ளே போனது. கடைசியாக உள்ளங்கால் இரண்டும் போயின.

பஹ்மியின் திரையில் சுவர் விலகியது. ஆமை நேராகி, மெல்ல மெல்ல முன்னேறியது. உள்ளேயிருந்து இருமல் கேட்டது. அப்போது மறுபடி தொலைபேசி.

“தனபாலு, கவனமாக் கேளு. வேந்தன் வெளிய வாற நேரம் பின்னால இவன் தலை தெரியப்படாது. மனுசனே எறங்காத நகரம்னு இப்பத்தான் பேசி முடிச்சேன். டீவி ஓடுது. மூக்கு வெளிய வந்ததும் அவனத் திரும்பி மேல் பக்கமே வரச் சொல்லு.”

“அது முப்பது மீற்றர்தான் சேர், கீழ வந்துட்டா—”

“கடிதத்துல இன்னும் கையெழுத்துப் போடல.”

தனபாலன் மேல்வாயில் மண்டியிட்டான். இரு கைகளையும் வாயில் குவித்தான். “கறுப்பையா! தள்ளி விட்டுட்டு அப்பிடியே திரும்பி இங்க வந்துரு! கீழ வெளிய போயிராத! கேக்குதா?”

கொஞ்ச நேரம் எதிரொலிதான். பிறகு ஆழத்திலிருந்து பதில் வந்தது: “மந்திரி மூஞ்சியப் பாக்க எனக்குக் குடுத்து வைக்கல! வாறேன் வாறேன்!”

சுபவேளை முடிய ஒரு நிமிடம் இருக்கையில் வடிகான் வேந்தன் உதயமானான். மேளமும் வெடியும் மேல்வாய் வரைக்கும் கேட்டன. தனபாலன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். தொண்ணூறு மீற்றர் ஏற்றம், முழங்காலில், அந்த நெஞ்சோடு. திரும்பி வரக் கால் மணி நேரம் என்று கணக்கு வைத்தான்.

ஏழாவது நிமிடம் பச்சை மண் வாசனை வந்தது. அவன் திரும்பிப் பார்த்தபோது மேல்வாய்க்குள் விழும் ஓடை நிறம் மாறியிருந்தது. முதலில் பிளாஸ்டிக் போத்தல்கள் வந்தன, பிறகு இலை, பிறகு ஒரு முருங்கைக் கிளை, பிறகு தேயிலைத் தூள் கரைத்ததுபோலத் தண்ணீர், முழங்கால் அளவு, இடுப்பளவு. “கறுப்பையா! கீழ போ! திரும்பிக் கீழ போ!” மதகின் வாயை அடைத்துக்கொண்டு தண்ணீர் போனது. அவன் சொன்னதும் அதற்குள்தான் போனது.

பாதையில் இறங்கி ஓடினான். ஹோன் அடித்தார்கள், ஏசினார்கள். கீழ்வாய்க்கு அவன் வந்து சேர்ந்தபோது மதகிலிருந்து பழுப்புத் தண்ணீர் பீறிட்டுக் கால்வாயில் விழுந்துகொண்டிருந்தது. விருந்தினர்கள் பற்றிஸ் பலகாரமும் கையுமாக எழுந்து நின்றார்கள். பணிப்பாளர் ஒலிவாங்கியைப் பிடித்திருந்தார்.

“பாருங்கள் கௌரவ அமைச்சர் அவர்களே! வேந்தன் ஒரே ஒரு தடவை போய் வந்தான். அடைப்பு நீங்கி எப்படிப் பாய்கிறது பாருங்கள்!”

அமைச்சர் கைதட்டினார். அவர் தட்டியதால் எல்லோரும் தட்டினார்கள். தனபாலன் கம்பளத்தின் மேல் சேற்றுக் காலோடு நின்று, “உள்ள ஆளு இருக்கு! உள்ள ஆளு இருக்கு!” என்று கத்தினான். மேளக்காரர்களுக்கு நிறுத்தச் சொல்லி யாரும் சைகை காட்டவில்லை, அவர்கள் நிறுத்தவில்லை.

ஒருவழியாக மேளம் நின்றது. அமைச்சருக்கு வேறொரு திறப்பு விழா இருந்தது. நாற்பது நிமிடத்தில் மலையில் மழை ஓய்ந்து தண்ணீர் கணுக்கால் அளவுக்கு இறங்கிற்று. கீழ்வாயால் கறுப்பையா வரவில்லை. மேல்வாயில் காவல் நின்றவர்களும் இல்லையென்றே சொன்னார்கள். தீயணைப்புப் படை நகரத்து வாகன நெரிசலில் மாட்டிக்கொண்டிருந்தது.

“நான் போறேன்” என்றான் தனபாலன்.

பணிப்பாளர் முன்னால் வந்து நின்றார். வியர்த்திருந்தார், ஆனால் வாய் இன்னும் மேடையில்தான் இருந்தது. “முடியாது. இன்னைக்குக் காலை எட்டு மணியிலருந்து எந்த மனுசனும் மதகுக்குள்ள எறங்கப்படாதுன்னு நான் சுற்றறிக்கை போட்டிருக்கேன். அவன் தானா எறங்கினான். இன்னொருத்தனும் எறங்கினா நான்தான் பதில் சொல்லணும். வேந்தன் இருக்கில்ல? அத விடு.”

அத்தனை பேரில் யாருக்கும் அதைவிட வேகமான வழி தோன்றவில்லை. பஹ்மி பெட்டியும் திரையுமாக ஓடிவந்திருந்தான். கறை படாத வெள்ளைத் துணியின் மேல், குத்துவிளக்குக்குப் பக்கத்தில், தனபாலன் ஆமையை மல்லாத்தினான். இடப்பக்கச் செயின் முன் பல்சக்கரத்தை விட்டுக் கழன்று தொங்கியது. பல்லுக்கும் செயினுக்கும் இடையில் என்னவோ கெட்டியாகச் சிக்கியிருந்தது. குறட்டால் பிடித்து இழுத்தான். குங்குமம் ஒட்டிய எலுமிச்சம்பழத் தோல். ஒரு விதையும்.

அதைக் கையில் வைத்துக்கொண்டு அவன் நின்றது இரண்டு விநாடி இருக்கும். “என்ன அண்ணே அது?” என்றான் பஹ்மி. தனபாலன் அதைக் காற்சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். பல் பல்லாகத் துடைத்தான். செயினை மாட்டினான், கிளிப்பைப் போட்டான், அதன் வாய் பின்னுக்குப் பார்க்கிறதா என்று பார்த்தான். விரலால் அழுத்தினான். அரை விரற்கடை. வேலை தெரிந்த கை அது, மற்றதெல்லாம் அதற்குத் தெரியாது.

ஆமை ஓடியது. ஒத்திகையில்கூட அப்படி ஓடியதில்லை. நாலு சக்கரமும் ஒன்றுபோல் சேற்றைக் கவ்வ, சறுக்காமல், முட்டாமல், நேராக ஏறிக்கொண்டு போனது. பத்து மீற்றர், இருபது மீற்றர். ஒரு கல்லில் சிறு குலுக்கல். முப்பதில், வளைவில், குப்பையும் கிளையும் அணைபோல அடைந்திருந்தன. ஆமையின் வெளிச்சம் அதன் அடியில் விழுந்தது. அங்கே ஓர் உள்ளங்கால் தெரிந்தது. விரல்கள் மேல்நோக்கி இருந்தன.

பஹ்மி திரையிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டான். பணிப்பாளர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, அடக்கமுடியாமல், “படம் நல்ல தெளிவு” என்றார்.

தனபாலன் அவரைத் தள்ளவில்லை. அவர் நின்ற இடம் வழியில் இருந்தது, விலக்கிவிட்டுப் போனான். தலை குனிந்து கீழ்வாய்க்குள் நுழைந்தான். பின்னால் சுற்றறிக்கையின் இலக்கத்தை யாரோ சத்தமாகச் சொல்வது கொஞ்ச தூரம் வரைக்கும் கேட்டது. ஆமையை ஓரமாகத் தூக்கி வைத்தான். கிளைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினான். முப்பது மீற்றரையும் பின்னோக்கித் தவழ்ந்தபடி, கக்கத்தில் கை கொடுத்து இழுத்துக்கொண்டு வந்தான். இடையிடையே ஏதோ சொல்லிக்கொண்டே வந்தான் என்று கீழ்வாயில் நின்றவர்கள் பிறகு சொன்னார்கள்; என்னவென்று யாருக்கும் விளங்கவில்லை.

வெளியே எடுத்துக் கம்பளத்தில் கிடத்தியபோது புஷ்பம் வந்துவிட்டிருந்தாள். யார் சொல்லி வந்தாளோ. அவள் அழவில்லை. தம்பியின் முகத்துச் சேற்றை முந்தானையால் வழித்தாள். மூக்கு, காது, கண் இமை. பிறகு மதகின் வாயைப் பார்த்தாள். மேலே மலையையும் பார்த்தாள். பதினாறு வருடம் அந்தத் தொழிலுக்குச் சோறு கட்டிக் கொடுத்தவள். அவளுக்குக் கூட்டிப் பார்க்கத் தெரியும்.

“மெசின் இந்தப் பக்கந்தான வந்துச்சு? இவன் அது பின்னாலதான வந்தான்? வாசல் வரைக்கும் வந்தவன் எதுக்குத் திரும்பவும் உள்ள போனான்?” ஒருவர் முகத்தையும் விடாமல் பார்த்துக் கேட்டாள். “யாரு திரும்பிப் போகச் சொன்னது?”

பணிப்பாளர் தொண்டையைச் செருமினார். “அம்மா, இப்ப அது வந்து, இது ஒரு எதிர்பாராத...”

“நான்” என்றான் தனபாலன். “நான்தான் கத்திச் சொன்னேன். ‘கீழ வெளிய போயிராத’ன்னு.”

புஷ்பம் தன் புருஷனைப் பார்த்தாள். அவன் சேறு வழிய நின்றான். யார் சொல்லச் சொன்னார்கள் என்று அவள் கேட்பாள் என்று காத்திருந்தான். அவள் கேட்கவில்லை. மறுபடி தம்பியின் முகத்துக்கே குனிந்தாள்.

பணிப்பாளர் மெதுவாகத் தலையசைத்தார், நடந்ததை நடந்தபடியே ஒருவன் ஒப்புக்கொண்டுவிட்டான் என்பதுபோல.